104 கிலோவும் ஒரு பைபாஸும்

"அம்மா, மேசையில வைச்சு வெட்டித் தைக்கிறது எங்கட வேலை. அதுக்குப் பிறகு இந்த உடம்பைக் கட்டிலில இருந்து எழுப்பிறது உங்கட வேலை. அதுதான் கஷ்டம்."

கொழும்பில், சத்திரசிகிச்சை நிபுணரோடு வார்டுக்கு வந்த தமிழ் பேசும் இளம் வைத்தியர் ஒருவர் இதைச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து செய்கிற வேலை கஷ்டமில்லையாம், ஆளை எழுப்பி இருத்துவது கஷ்டமாம். ஆறு கிழமை கழித்து, திருகோணமலையில் எங்கள் வீட்டு அறையில், என் வீட்டுக்காரருடைய காலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பிள்ளை சொன்னது எனக்கு விளங்கியது.

இவருக்கு அப்போது 58 வயது. உயரம் 168 சென்ரிமீற்றர், நிறை 104 கிலோ. நிறையை உயரத்தால், அதாவது 1.68ஆல், இரண்டு தரம் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி வரும். இவருக்குக் கிட்டத்தட்ட 37. பொதுக் கணக்கில் 30க்கு மேல் போனாலே உடற்பருமன். எங்களைப் போன்ற ஆசிய உடம்புக்கு 23இலேயே ஆபத்துத் தொடங்குகிறது, 27.5இல் அது நன்றாகக் கூடிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொல்லியிருக்கிறது. நான் 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து இவருடைய கோப்பையில் இரண்டாவது நீத்துப்பெட்டிப் பிட்டையும் கொட்டியவள் நானேதான். மூன்றாவதைக் கேட்டால் அதையும் கொடுத்திருப்பேன்.

வருத்தம் வந்த கதை எல்லா வீட்டுக் கதையும் போலத்தான். கடற்கரை வீதியால் நடந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மதிலில் சாய்ந்தார். வாயுப் பிடிப்பு என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்து இரண்டு நாள் போனது. பிறகு ஈ.சி.ஜி., பிறகு அஞ்சியோகிராம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் மூன்று குழாயில் அடைப்பு, சீனி வருத்தமும் இருக்கிறது, குழாயை விரித்து ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைப்பதை விட, அடைப்பைச் சுற்றி இரத்தத்துக்கு வேறு வழி போடுகிற பைபாஸ்தான் நல்லது என்றார்கள். கொழும்பில் பெயர் பதிந்தோம். அரசாங்க வைத்தியசாலை, காசு இல்லை, ஆனால் வரிசை நீளம். ஐந்து மாதம் காத்திருந்தோம்.

அந்த ஐந்து மாதமும் எனக்கு ஒரே பயம்தான். இந்த உடம்போடு மேசையில் ஏற்றினால் திரும்பி வருவாரா? ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். "கொழுப்புக் கூடின ஆக்கள் தாங்க மாட்டினம்." கொழும்பில் மருந்துக்கடை வைத்திருக்கும் என் மகள்தான் இதைக் கொஞ்சம் தேடிப் படித்துவிட்டு எனக்கு வேறு கதை சொன்னாள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 11,000க்கு மேற்பட்ட பைபாஸ் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1998இல் வந்திருக்கிறது. பருமனானவர்கள் வைத்தியசாலையில் இறக்கும் வீதம் மற்றவர்களை விடக் கூடவில்லை. இரத்தம் ஒழுகி மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வருவதும் அவர்களுக்குக் குறைவாம். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளிலும் இதே மாதிரி. சில ஆய்வுகளில், மிகவும் மெலிந்தவர்கள்தான் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள். இதை உடற்பருமன் முரண்பாடு என்கிறார்கள்.

இதை வாசித்துவிட்டு யாரும் இன்னொரு ரொட்டியை எடுக்க வேண்டாம். பருமனானவர்களுக்கு இந்த வருத்தம் இளம் வயதிலேயே வந்துவிடுகிறது. மேசையில் ஏறும்போது வயது குறைவு என்பதால் தாங்குகிறார்கள். மெலிந்தவர்களில் பலர் வேறு வருத்தத்தால் மெலிந்தவர்கள். சுட்டி 40ஐத் தாண்டினால் இந்தச் சலுகையும் இல்லை, அங்கே ஆபத்து ஏறுகிறது. அதே 1998 ஆய்வில் இன்னொரு வரி இருந்தது. நெஞ்சுக் காயத்தில் கிருமி பிடிப்பது பருமனானவர்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல். மகள் அதையும் சொன்னாள்தான். எனக்கு உயிர் தப்பும் என்ற செய்தி போதுமாக இருந்தது. காயத்தைப் பற்றிச் சொன்னதை நான் காதில் போடவில்லை. அந்த ஐந்து மாதத்தில் நான் செய்த பெரிய பிழை அதுதான். பயப்பட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் பயந்துகொண்டிருந்தேன்.

சரி, உருப்படியாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். இவர் 111 கிலோவில் இருந்து 104க்கு வந்தார். பிட்டும் இடியப்பமும் பாதியானது, தேங்காய்ப்பால் சொதி கிழமைக்கு ஒரு நாள் ஆனது, தேத்தண்ணிக்குச் சீனி நின்றது. மூன்று மாதச் சராசரிச் சீனி, எச்பிஏ1சி என்பார்களே, அது 9.4இல் இருந்து 7.6க்கு வந்தது. ஐந்து மாதத்துக்கு ஏழு கிலோதானா என்று எனக்கு ஏமாற்றம். கிளினிக்கில் டொக்டர் அப்படி நினைக்கவில்லை. நிறையை விடச் சீனி இறங்கினதுதான் தனக்குச் சந்தோஷம் என்றார். கடைசிக் கிழமைகளில் அவசரப்பட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம், காயம் ஆற உடம்பில் புரதம் வேண்டும் என்றும் சொன்னார். அதையும் நான் அரைக் காதால்தான் கேட்டேன் என்பது பிறகு தெரிய வரும்.

இன்னொன்று, குறட்டை. இவர் குறட்டை விட்டால் பக்கத்து வளவு நாய் குரைக்கும். இடையில் மூச்சு நின்று, பிறகு திடீரென்று இழுத்துக்கொண்டு எழும்புவார். இதை நான் வெட்கப்பட்டு மறைத்திருப்பேன். மயக்க மருந்து வைத்தியர் தானாகவே கேட்டார். பருமனானவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுகிற வருத்தம் அடிக்கடி இருக்கும், மயக்கம் தெளிந்த பிறகு அது பெரிய தொல்லை தரும், முன்கூட்டியே தெரிந்தால் ஆயத்தமாக இருப்போம் என்றார். உங்கள் வீட்டுக்காரருக்கு இப்படி இருந்தால் கேட்க முதலே சொல்லிவிடுங்கள். மறைப்பதற்கு இது ஒரு குற்றம் இல்லை.

சத்திரசிகிச்சை ஒரு மே மாதத்தில் நடந்தது. நெஞ்சின் உட்புறம் இடப்பக்கமாக ஓடும் நாடி ஒன்றை எடுத்து முக்கியமான குழாயில் பொருத்தினார்கள். காலில் இருந்து எடுத்த நாளத்தை மற்ற இரண்டுக்கும் வைத்தார்கள். நெஞ்சு நாடி பத்து வருடம் கழிந்தும் நூற்றில் 90 பேருக்கு மேல் திறந்தே இருக்கும், கால் நாளம் அந்தக் காலத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அடைத்துவிடும் என்று அறிந்தபோது, அப்படியென்றால் வலப்பக்க நெஞ்சு நாடியையும் எடுத்திருக்கலாமே என்று மகள் கேட்டாள். அந்த இளம் வைத்தியர் சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம். அந்த நாடிகள்தான் நெஞ்செலும்புக்கும் இரத்தம் கொடுக்கிறவை. இரண்டையும் எடுத்தால் எலும்புக்குச் சாப்பாடு குறையும். சீனியும் பருமனும் சேர்ந்த ஒருவருக்கு அது ஆறாமல் போகும் ஆபத்து அதிகம், அதனால் ஒன்றோடு நின்றோம் என்றார். நிறை அங்கேயே, குழாயைத் தெரிவு செய்யும்போதே, கணக்கில் வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டில்காரருக்கு அன்றிரவே சுவாசக் குழாயை எடுத்துவிட்டார்கள். இவருக்கு அடுத்த நாள் மத்தியானம்தான். மல்லாந்து படுத்தால் வயிறு மேலே தள்ளும், நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்கிப்போகும். அதனால்தான் ஐ.சி.யூ.வில் இருந்தே சாய்த்து இருத்தி வைத்தார்கள். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கையில் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தை எழுப்பச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்து பாதி வழிக்கு வந்து விழுந்தது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்துத் தடவை என்று கணக்கு. எனக்கு இப்போது தோன்றுவது, அந்தச் சாமானை முதலே வாங்கி வீட்டில் பழகியிருக்க வேண்டும். நெஞ்சு வலிக்கும்போது புதிதாகப் பழகுவது கொடுமை.

மூன்றாம் நாள் இதயம் தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. நான் அழுதுவிட்டேன். தாதி என்னைத் தட்டிக்கொடுத்து, பைபாஸ் செய்தவர்களில் மூன்று நான்கு பேருக்கு ஒருவருக்கு இப்படி வரும், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வரும், மருந்தில் அடங்கும் என்றார். பருமனானவர்களுக்கு இதயத்தின் மேலறை பெருத்திருப்பதால் இது இன்னும் கூடுதலாம். இரண்டு நாளில் அடங்கியது. அப்படியே ஏழு நாளில் வர வேண்டியவர் பதினோராம் நாள் வார்டை விட்டு வெளியே வந்தார். நிறையின் வாடகை அந்த நான்கு நாள் என்று எடுத்துக்கொண்டேன்.

போகும்போது தந்த அட்டையில் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது, வாயால் சொன்னது சிங்களத்தில். மகள் பக்கத்தில் இருந்ததால் தப்பினோம். திருகோணமலையில் இருந்தோ மட்டக்களப்பில் இருந்தோ போகிறவர்கள் இதற்கு ஓர் ஆளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் தமிழில் எழுதுங்கள். எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்தக் காயத்தை நனைக்கலாம், என்ன வந்தால் ஓடி வர வேண்டும் என்று எல்லாவற்றையும். அந்தக் கொப்பிதான் பிறகு எங்கள் வீட்டில் வேதம்.

கொழும்பில் இருந்து திருகோணமலை ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வானில் இரண்டு ஆசனத்தைச் சாய்த்து, ஆசனப்பட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்தோம். மணிக்கு ஒருமுறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வைத்தோம், காலில் இரத்தம் உறையாமல் இருக்க. குருநாகல், தம்புள்ளை, ஹபரணை. ஹபரணைக்கு இங்கால் காட்டுப் பாதையில் இறங்கி நடக்க மட்டும் சாரதி விடவில்லை, யானை நிற்கும் என்று. கந்தளாயில் நிறுத்தியபோது இவர் தயிர்க்கடையைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

வீடு வந்தோம். அந்த வைத்தியர் சொன்ன வேலை இனித்தான்.

நெஞ்செலும்பைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது பொருந்தி இறுகக் கிட்டத்தட்ட மூன்று மாதம் செல்லும். அதுவரை கையை ஊன்றி எழும்பக் கூடாது, நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கிணற்றில் வாளியை நினைக்கவே கூடாது. 60 கிலோ ஆள் என்றால் கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழும்பிவிடுவார். 104 கிலோ ஆளுக்கு, முழங்காலும் தேய்ந்த ஆளுக்கு, கை இல்லாமல் எழும்புவது எப்படி? முதல் நாள் நானும் தம்பியும் இரண்டு கக்கத்திலும் பிடித்துத் தூக்கினோம். இவர் "ஐயோ" என்று கத்தினார். பிறகுதான் தெரியும், கக்கத்தில் பிடித்துத் தூக்குவதுதான் செய்யவே கூடாதது. அது நேரே எலும்பை இரண்டு பக்கமும் இழுக்கிறது.

சரியான முறையை எங்கள் வைத்தியசாலையில் உடற்பயிற்சிப் பகுதித் தம்பி ஒருவர் காட்டித் தந்தார். முதலில் கட்டிலை உயர்த்த வேண்டும். நான்கு காலுக்கும் கீழே இரண்டிரண்டு சீமெந்துக் கல் வைத்தோம். கதிரைக்கும் அப்படியே. பிறகு, கையைக் குறுக்கே கட்டி நெஞ்சில் ஒரு சின்னத் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். குண்டியை ஆசனத்தின் விளிம்புக்கு நகர்த்தி, காலைப் பின்னுக்கு இழுத்து ஊன்றி, முன்னால் குனிய வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் வரை குனிந்தால் பாரம் தானாகவே காலுக்கு வந்துவிடும். பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. கட்டிலில் என்றால் மரக்கட்டை மாதிரி முழு உடம்பும் ஒரு பக்கம் உருண்டு, காலைக் கீழே விட, அந்தப் பாரத்தில் மேல் உடம்பு எழும்பி வரும். நாங்கள் இதை நெஞ்சைப் பிளந்த பிறகு பழகினோம். நீங்கள் முதலே பழகுங்கள். காத்திருக்கும் மாதங்களில் நாளுக்குப் பத்துத் தடவை கையைக் கட்டிக்கொண்டு எழும்பி இருந்தாலே தொடை பலப்படும். பருமனானவர்களுக்கு ஐந்து கிலோ குறைவதை விட இது உதவும் என்பது என்னுடைய எண்ணம்.

கழிப்பறையும் அப்படித்தான். குந்தி இருக்கும் கோப்பையில் இவரால் முடியாது. கொமோட் இல்லாத வீடென்றால் நடுவில் ஓட்டை உள்ள கதிரை ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். முக்கி மலம் கழிக்கக் கூடாது, அதனால் பப்பாசிப்பழம் வீட்டில் முடியவே விடவில்லை.

இருமல் வந்தால் அந்தச் சின்னத் தலையணையை இறுக்கி அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். பெரிய வயிறு உள்ளவர் இருமும்போது வயிறு நெஞ்சைக் கீழே இழுக்கிறது. ஒவ்வொரு இருமலும் கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது போல. படுக்கும்போதோ திரும்பும்போதோ நெஞ்சுக்குள் "கிளிக்" என்று ஒரு சத்தமோ அசைவோ தெரிந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போகச் சொல்லிக் கொப்பியில் இரண்டு கோடு கீறி எழுதியிருந்தேன். கடவுளே என்று இவருக்கு அது வரவில்லை.

வந்தது சாப்பாட்டுப் பிரச்சினை. மூன்று கிழமை இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதைத் தின்றாலும் தகரத்தை நக்குவது போல் இருக்கிறது என்றார். காலையில் ஒரு பிஸ்கற், மத்தியானம் இரண்டு வாய் கஞ்சி. நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். நல்லது, மெலியட்டும், 31 வருடம் என்னால் முடியாததை இந்த வருத்தம் செய்கிறதே என்று. தராசில் 97 என்று பார்த்தபோது மகளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவள் மறுபக்கத்தில் பேசாமல் இருந்தாள். பிறகு, "அம்மா, அது கொழுப்பு இல்லை, அப்பாட சதை" என்றாள்.

கொழுத்த உடம்பு பட்டினியில் இருக்க முடியும் என்பது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. விஞ்ஞானம் படிப்பித்தவள்! சத்திரசிகிச்சைக்குப் பிறகு சாப்பிடாவிட்டால் உடம்பு தசையைக் கரைத்து எடுக்கும். மேலே இருக்கும் கொழுப்பு வெட்டுக் காயத்துக்குப் புரதம் கொடுக்காது. கொழுப்பில் இரத்த ஓட்டமும் குறைவு, அதனால் அங்கே போட்ட வெட்டுக்கு மருந்தும் மெதுவாகத்தான் போய்ச் சேரும்.

பன்னிரண்டாம் நாள் தைத்த இடம் நன்றாக இருந்தது. பத்தொன்பதாம் நாள், கெண்டைக்கால் உட்பக்கம், நாளம் எடுத்த நீள வெட்டின் கீழ்ப்பாதியில், சாரத்தில் மஞ்சளாக ஒரு வட்டம். ஐந்து சதக் காசளவுதான். நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்த நான் காலைக் கவனிக்கவில்லை. கச்சான் காற்றுக் காலம் அது. மதியத்தில் கிணற்றடியே சூடாகிவிடும், மின்விசிறி நெருப்புக் காற்றைத்தான் அள்ளி அடிக்கும். வேர்வையில் நனைந்த சாரம், பெருத்த கால், நாள் முழுக்கக் கதிரையில் காலைத் தொங்கப் போட்டபடி. நீர் இறங்கி வெட்டு விம்மி, இரண்டு தையல் இடைவெளி விட்டிருந்தது. சுற்றிவரச் சிவப்பு, தொட்டால் சுட்டது.

திருகோணமலையிலேயே காட்டினோம். சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அன்ரிபயோட்டிக் தொடங்கி, ஒன்றுவிட்டொரு நாள் மருந்து கட்டச் சொன்னார்கள். அன்றைக்குச் சீனி 268. கிருமி சீனியை ஏற்றும், ஏறின சீனி கிருமிக்குத் தீனி. இன்சுலின் அளவைக் கூட்டினார்கள். மருந்து கட்டிய தாதி மிஸ்தான் சாப்பாட்டைக் கேட்டவர். கஞ்சிக் கதையைச் சொன்னேன். "அம்மா, கஞ்சியில காயம் ஆறாது, முட்டை குடுங்கோ" என்றார். சத்துணவுப் பகுதிக்கும் அனுப்பினார். இவருடைய சிறுநீரகம் நன்றாக இருந்ததால் நாளுக்கு 80 முதல் 100 கிராம் புரதம் என்று கணக்குப் போட்டுத் தந்தார்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் இந்தக் கணக்கை எடுக்க வேண்டாம், உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்.

எங்கள் ஊரில் புரதத்துக்கு என்ன பஞ்சம். காலையில் கடற்கரைக்குப் போனால் துள்ளுகிற மீன். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், ஒரு முட்டையில் ஆறு. பாரை மீனைப் புளி விட்டு அவித்து, முள் எடுத்து, சின்னச் சின்னதாக ஆறு நேரம் கொடுத்தேன். பருப்பும் முருங்கை இலையும் ஒரு நேரம். தேசிக்காய் கொஞ்சம் பிழிந்தால் தகர ருசி தெரியாது என்பதை இவரே கண்டுபிடித்தார். காலை இடுப்பு மட்டத்துக்கு மேலே தலையணையில் தூக்கி வைத்தோம். சாரத்தை நாளுக்கு மூன்று தரம் மாற்றினோம். காயம் மூட ஐந்து கிழமை சென்றது. நெஞ்சுக்கு அது ஏறவில்லை. ஆழமாக நெஞ்செலும்பில் கிருமி பிடிப்பது பொதுவாக நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வருகிறது, ஆனால் வந்தால் திரும்ப மேசைக்குத்தான் போக வேண்டும், உயிருக்கும் ஆபத்து.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை ஆண் வைத்தியர்கள் விரித்துச் சொல்வதில்லை. மார்பு பெரிதாக இருந்தால் அந்தப் பாரம் இரண்டு பக்கமும் வெட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். வார்டில் எனக்கு அறிமுகமான மூதூர்ப் பக்கத்து அக்காவுக்குக் காயத்தின் கீழ் நுனி இப்படித்தான் விட்டது. முன்னால் கொளுவும், கம்பி இல்லாத, நன்றாகத் தாங்கும் உள்ளாடையை இரவும் பகலும் போடச் சொன்னார்கள். மார்புக்குக் கீழே மடிப்பில் வேர்வை தேங்காமல் சுத்தமான பருத்தித் துணி வைக்க வேண்டும். வெட்கப்பட்டுக் கேட்காமல் விடாதீர்கள்.

தராசைக் காலையில் சிறுநீர் கழித்த பிறகு ஒரே நேரத்தில் பார்த்தோம். இங்கேயும் எனக்கு ஒரு பாடம். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு கிழமையில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டால் வந்த நிறை இல்லை. உடம்பில் நீர் தேங்குகிறது, இதயம் சோர்கிறது. மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. பருமனான ஆளில் வீக்கம் கண்ணுக்குத் தெரியாது. தராசுக்குத்தான் தெரியும்.

நடை முதல் கிழமை முற்றத்தில் ஐந்து நிமிடம், நாளுக்கு நான்கு தரம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், கதைக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அளவு. ஆறாம் கிழமை அரை மணித்தியாலம். காலை ஐந்தரைக்கு, வெயில் ஏற முதல், உள்துறைமுக வீதியில். நிறையை வேண்டுமென்று குறைக்கத் தொடங்கியது காயம் முழுதாக மூடி, மூன்று மாதம் கழிந்த பிறகுதான். கூடினால் மாதத்துக்கு ஒன்றரை இரண்டு கிலோ. அதற்கு மேல் அவசரப்படவில்லை. பிட்டை நான் விடவில்லை, அது இல்லாமல் இவர் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம்? குரக்கன் மாவும் அரிசிமாவும் பாதிக்குப் பாதி, தேங்காய்ப்பூ ஒரு பிடி, ஒரு நீத்துப்பெட்டி, அத்தோடு சரி. இப்போது ஒன்றரை வருடம். நிறை 89. இடுப்பு 118 சென்ரிமீற்றரில் இருந்து 101. எங்கள் ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டுமாம், அது இன்னும் தூரம். அஸ்பிரினும் கொலஸ்ரோல் குளிசையும் வாழ்நாள் முழுக்க. கால் நாளம் அடைக்காமல் இருக்க அவைதான் காவல். சுகமாகிவிட்டது என்று நிறுத்தின ஆட்களை நான் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன், திரும்பவும் அதே வாங்கில்.

நாலாம் மாதம் கோணேசர் கோவிலுக்குப் போனோம். கோட்டை வாசலில் ஓட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, மேலே நடந்தே வருவேன் என்றார். மூன்று இடத்தில் நின்றோம். மூச்சுக்கு நிற்கிறோம் என்று சொல்லாமல், ஒவ்வொரு தடவையும் மானைப் பார்க்க நிற்பது போல நடித்தார். நானும் மானைப் பார்த்தேன்.

போன மாதம் பின்வீதி அண்ணைக்கு பைபாஸ் என்று திகதி வந்தது. அவரும் நல்ல பாரமான ஆள். அவர் வீட்டு அக்கா வந்து கட்டிலுக்கு வைத்த சீமெந்துக் கல்லைக் கேட்டா. எட்டையும் ஓட்டோவில் ஏற்றி விட்டேன். பின்னேரம் தேத்தண்ணியோடு வெளியே வந்து பார்த்தால், அண்ணையை எங்கள் முற்றத்துக் கதிரையில் இருத்தி, இவர் முன்னால் நின்று வகுப்பு எடுக்கிறார்.

"கையைக் கட்டுங்கோ அண்ணை. இல்லை, ஊன்றாதேங்கோ. மூக்கைக் கால் விரலுக்குக் கொண்டு வாங்கோ. இன்னும்... இன்னும் குனியுங்கோ."

அண்ணை பாதி எழும்பித் தொப்பென்று இருந்துவிட்டார்.

"பரவாயில்லை. இன்னும் ரெண்டு மாதம் இருக்குத்தானே. திரும்ப."